தியாகிக்கு மீசை வரைந்த கதை

பொன்னியம்மா உயிரோடு இருந்தவரை கொடிக்கண்டிகையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டவர் கிடையாது. அடித்துக் கொன்ற பிறகு அவளுக்கு மீசை வரைந்தார்கள், ரோஜா மாலை போட்டார்கள், மாவீரன் என்று பட்டமும் கொடுத்தார்கள். ஒரு கொலை எப்படி இத்தனை மங்களகரமாக முடிந்தது என்பதை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கொடிக்கண்டிகை புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற சந்தையூர். ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போகும், எது இங்கேயே நிற்கும் என்று பார்க்க ஒரு நடுவர் வரப்போவதாகப் பேச்சு. அதனால் தமிழ் கோஷ்டி தெலுங்குப் பலகைகளில் தார் பூசியது. தெலுங்கு கோஷ்டி தமிழ்ப் பலகைகளில் தார் பூசியது. கடைசியில் எந்தப் பலகையிலும் எழுத்தே மிஞ்சாததால், கடைக்காரர்கள் வாசலில் நின்று தங்கள் கடை இன்ன கடை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு மொழியிலும்தான் கத்தினார்கள்.

பொன்னியம்மா நகரியில் ஒரு தறிக்காரர் வீட்டில் பையனாகப் பிறந்தவள். மீசை அரும்புகிற வயதில் சேலை கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்துவிட்டாள். இப்போது திருநங்கை என்று சொல்கிறோம். அப்போது ஊர் வைத்திருந்த பெயர்கள் வேறு. அவற்றை எழுதிக் காகிதத்தைக் கெடுக்க விருப்பமில்லை. அவளும், அவளைப் போலவே வெதுருகுப்பத்திலிருந்து வந்து சேர்ந்த தாட்சாயணியும் பஸ் நிற்கிற இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு போண்டாவும் மோரும் விற்றார்கள். ஒரே குடிசை, ஒரே அடுப்பு. அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பொன்னியம்மாவுக்கு வாய் அதிகம். தாட்சாயணி கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி.

அரிசி மில் முதலாளியின் மகன் தாமோதரன் வெகு நாளாக அந்தக் குடிசைக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது மில்லுக்குப் பின்பக்கமாகப் போய் வேப்பிலையும் இளநீரும் வைத்துவிட்டு வந்தவள் பொன்னியம்மாதான். அவன் வருவது ஊருக்கெல்லாம் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு சந்தை நாளில் அவன் தன் வருங்கால மாமனாருடன் கடைத்தெருவில் நடந்து வந்தான். மாமனார் வடமாலபேட்டைப் பக்கம் நிறைய நிலம் உள்ளவர். பொன்னியம்மா எப்போதும் போல, "இன்னா தாமு, இந்த வெயில்ல வர்றியே, மோர் குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். யார் இது என்று மாமனார் கேட்டார். தெரியாது என்றான் தாமோதரன்.

சந்தை கலைந்த சாயங்காலம் புளி மண்டிக்குப் பின்னால் தாமோதரனும் மில் ஆட்கள் இரண்டு பேரும் அவளை மறித்துக் கட்டையால் அடித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த தாட்சாயணி பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு குனிந்து சாக்கு தைத்தார்கள். அடித்தவர்கள் நடந்தே போனார்கள். ஓட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. தாட்சாயணி அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது கொஞ்சம் மூச்சு இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் அவளை வெகு நேரம் நிற்க வைத்துவிட்டு, "செத்தது ஆம்பளையா, ஆடதா?" என்று கேட்டார். ஆடது என்றால் தெலுங்கில் பெண்.

"பொம்பளை சார்."

"டாக்டர் ஆம்பளைன்றாரே."

"அப்ப ஆம்பளைன்னே போட்டுக்க சார். அடிச்சவன் தாமோதரன். என் கண்ணால பார்த்தேன்."

"இரு, இரு. ஆம்பளை ஏம்மா சேலை கட்டணும்? சேலை கட்டுனா நாலு பேர் அடிக்கத்தான் வருவாங்க."

தாட்சாயணிக்கு நிஜமாகவே குழப்பமாக இருந்தது. "போன கங்கம்மா ஜாத்திரைக்கு தாமோதரன்கூடத்தான் திருப்பதியில சேலை கட்டி, வளையல் போட்டு, பூ வெச்சுக்கினு வந்தாரு. நீங்ககூட விழுந்து கும்பிட்டீங்களே சார்?"

"அது மொக்கு. வேண்டுதல். ஒரு நாளோட போயிடும். நீங்க டெய்லி கட்டறீங்களே, அதான் தப்பு." நாகபூஷணம் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்றேன் கேளு. இந்த ஊரு எந்த ராஜ்யம்னே முடிவாகலை. நான் இன்னிக்கு கேஸ் எழுதுவேன். நாளைக்கு ஊரு மெட்ராஸுக்குப் போயிடும். கொலை ஆந்திராவுல, கொலைகாரன் மெட்ராஸ்ல. சட்டம் எவ்ளோ சங்கடப்படும், யோசிச்சியா? எல்லை முடிவாகட்டும். அப்புறமா வா."

சட்டத்தைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று தாட்சாயணி வெளியே வந்தாள். உடலை அவளே வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்தாள். ஆள் சேரவில்லை. வண்டிக்காரர் ஒரு கை பிடித்தார்.

இதற்குள் ஊரில் வேறொரு கவலை முற்றிக்கொண்டிருந்தது. வட எல்லைத் தியாக பரிபாலன சபை என்று ஒன்று அங்கே இருந்தது. வக்கீல் கோவர்த்தனன் தலைவர், தாமோதரன் பொருளாளர். சபையின் பெயரிலேயே தியாகம் இருந்தும், பரிபாலிப்பதற்கு ஒரு தியாகிகூட இல்லை. மற்ற ஊர்களில் ஜெயிலுக்குப் போனவர்கள் இருந்தார்கள், தடியடி பட்டவர்கள் இருந்தார்கள். கொடிக்கண்டிகையின் மொத்தத் தியாகம் ஊர்வலத்தில் கோவர்த்தனன் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்ததுதான். அந்தக் காலை அவர் மூன்று கூட்டங்களில் தூக்கிக் காட்டிவிட்டார்.

சபையின் அவசரக் கூட்டத்தில் தாமோதரன் எழுந்தான். "நம்ம ஊர்லயும் ஒரு தமிழன் ரத்தம் சிந்திக்கீறான். பொன்னுசாமி. நாமதான் கவனிக்காம வுட்டுட்டோம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பலர் பார்த்தார்கள்.

பொன்னுசாமி என்பது பொன்னியம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர். கோவர்த்தனன் உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தோழர்களே! தியாகி இல்லாத ஊரை எந்த நடுவர் திரும்பிப் பார்ப்பார்? உயிர் கொடுக்க இங்கே நாம் எல்லோரும் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் நமக்குக் குடும்பம் இருக்கிறது, நிலபுலம் இருக்கிறது, சிலருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. பொன்னுசாமிக்கு இவற்றில் எதுவும் இல்லை. இறந்து போவதற்கு அவரைவிடத் தகுதியானவரை நாம் எங்கே தேடுவோம்? உயிரோடிருந்தபோது அவரை நாம் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். தியாகிகளை உயிரோடு இருக்கும்போது கண்டுகொள்ளும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கொன்றவர்கள் அடையாளம் தெரியாத தெலுங்கு வெறியர்கள் என்று தீர்மானம் ஆயிற்று. நாகபூஷணத்துக்கும் நிம்மதி. அடையாளம் தெரியாதவர்களைப் பிடிக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

மறுநாள் சபைக்காரர்கள் குடிசைக்கு வந்து பொன்னியம்மாவின் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கேஸுக்குத்தான் கேட்கிறார்கள் என்று தாட்சாயணி நினைத்தாள். திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது: பட்டுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், மூக்குத்தி, சிரித்த முகம். அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

சபை அதைச் சைன்போர்டு எழுதுகிற ஒருவரிடம் கொடுத்துப் பெரிதாக வரையச் சொன்னது. சேலை சட்டை ஆயிற்று. கனகாம்பரம் தலைப்பாகை ஆயிற்று. மூக்குத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் மச்சமாக்கிவிட்டார். எல்லாம் செய்தும் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. வீரம் போதவில்லை என்றார் கோவர்த்தனன். ஆகவே காதுவரை போகிற மீசை ஒன்று வரையப்பட்டது.

படத்தைப் பார்க்கச் சபைக்கு அழைக்கப்பட்ட தாட்சாயணி அதன் முன்னால் நின்று, "யாருங்க இது?" என்று கேட்டாள்.

"உங்கள் அண்ணன்" என்றார் கோவர்த்தனன். "நினைவுக்கல் திறப்பு விழாவில் தியாகியின் தம்பி தட்சிணாமூர்த்தி என்று நீங்கள் மேடையில் அமர்கிறீர்கள். முடி வெட்டிக்கொள்ள வேண்டும். வேட்டி சட்டை சபை செலவு."

"நான் தாட்சாயணிங்க. அது எங்கக்கா."

"தம்பி, இது வரலாறு. வரலாற்றில் சின்னச் சின்னத் திருத்தங்கள் உண்டு."

"தாமோதரனைப் பிடிச்சிட்டாங்களா வக்கீலய்யா?"

"தாமோதரனா? பந்தல் அவருடைய உபயம்."

தாட்சாயணி வீட்டுக்கு நடந்தாள். வழியில் சிட்டிபாபு நின்றுகொண்டிருந்தார். அவர் தெலுங்குக்காரர்களின் சரிஹத்து சம்ரக்ஷண சமிதிக்கு, அதாவது எல்லைக் காப்புச் சபைக்கு, தலைவர். அவர்களிடமும் தியாகி இல்லை. "பொன்னய்ய மாவாடு. எங்க ஆளும்மா" என்றார் சிட்டிபாபு. "எங்க பசங்களுக்கு அவரு தெலுங்குலதான் போண்டா வித்தாரு. நீ எங்க மேடைக்கு வா. அங்க தம்பின்றாங்களா? நாங்க அண்ணய்யாவாவே வெச்சுக்கறோம்."

"கொன்னவனைப் பிடிப்பீங்களா?"

"கொன்னது அரவாளு, தமிழாளுங்க. பேரு என்னாத்துக்கு?"

இரண்டு சபையும் ஒரே பிணத்துக்கு அடித்துக்கொள்ளும் நிலை வந்ததால் தாசில்தார் இரண்டு தரப்பையும் சத்திரத்துக்கு வரவழைத்து விசாரணை வைத்தார். செத்தவர் தமிழரா தெலுங்கரா என்பது மட்டுமே கேள்வி. தாட்சாயணியை நடுவில் நிறுத்தினார்கள்.

"சாகறப்ப அவரு கடைசியா எந்தப் பாஷையில கத்தினாரு?" என்று கேட்டார் தாசில்தார்.

ஒருவழியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள் என்று தாட்சாயணி நினைத்தாள். தெளிவாகச் சொன்னாள்: "தாமு, வேணாண்டா. தாமு, வேணாண்டா. இதையேதான் சொல்லிக்கினு இருந்தா. அப்புறம் சொல்லலை."

 கோவர்த்தனன் துள்ளி எழுந்தார். "தமிழ்! வேணாண்டா! கலப்படமில்லாத தமிழ்! குறித்துக்கொள்ளுங்கள் ஐயா!"

சபைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சிட்டிபாபு மேஜையைத் தட்டினார். "வத்துரான்னுதான் கத்தியிருப்பாரு. இந்தம்மா தமிழ்ல மாத்திச் சொல்றாங்க!"

தாசில்தார் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "அது சரி, தாமுன்னா என்ன?"

"அதோ, ஜன்னலோரம் உட்கார்ந்துக்கினு கீறாரே, அவரு" என்று தாட்சாயணி கை நீட்டிக் காட்டினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாமோதரன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்தார்.

"தாமு என்பது ஆள் பெயரல்ல. தாய்மண் என்று சொல்ல வந்திருக்கிறார். பல் உடைந்திருந்ததால் அப்படிக் கேட்டிருக்கிறது. தாய்மண்ணே, என்னைப் பிரிய வேண்டாமடா! என்ன அருமையான கடைசி வார்த்தை!"

"தாய்மண்ணை டா போட்டா கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

"உரிமை" என்றார் கோவர்த்தனன்.

தாசில்தார் தலையாட்டினார். தாட்சாயணி அவர் காலடியில் போய் நின்று, "சாமி, அவன்தான் கொன்னவன். தாய்மண்ணு இல்ல, மில்லுக்காரரு மகன்" என்றாள்.

"மொழி மட்டும்தாம்மா என் வேலை" என்று அவர் அன்பாகவே சொன்னார். "கொலையெல்லாம் போலீஸ்ல போய்ச் சொல்லு." பிறகு செத்தவர் பெரும்பாலும் தமிழர், ஓரளவு தெலுங்கர் என்று தீர்ப்பளித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இரண்டு சபையும் ஆளுக்கொரு கல் நட அனுமதி கிடைத்தது. இடத்துக்காக போண்டாக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலை தாமோதரன் குடிசைக்கு வந்தான். உள்ளே வராமல், கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடையில ஏறு, ரெண்டு நிமிஷம் அழு, எறங்கிடு. வாயைத் தொறந்தேன்னு வையி, சபைக்கு இன்னொரு தியாகி கெடச்சா வக்கீலு சந்தோஷம்தான் படுவாரு."

"அக்காவை நீ ஏண்டா கொன்ன?" என்று தாட்சாயணி கேட்டாள். "மோரு குடுத்ததுக்கா?"

 சுவரில் பொன்னியம்மாவின் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அன்று முதல் தாட்சாயணி தனியாகத் தண்ணீருக்குப் போகவில்லை. மடியில் மிளகாய்த்தூள் முடிச்சு வைத்துக்கொண்டாள். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்தாள். கடைத்தெருவில் யாராவது பின்னால் சிரித்தால்கூட உடம்பு தானாகக் குனிந்துகொண்டது. செத்தவளுக்கு ஊர் மரியாதை செய்ய ஏற்பாடு நடக்க நடக்க, இருப்பவளுக்கு ஊரில் நடமாட இடம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள். அங்கே அவளைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர் ஒரே சந்தில் குடியிருந்தார்கள். கமலம்மா, யசோதா, ரத்தினம்மா. நடந்ததைக் கேட்டுவிட்டு ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. யசோதா தன்னோடு இருந்த ஜெயம்மாவைச் சொன்னாள்: கல்யாண வீட்டில் ஆடிவிட்டுத் திரும்பியவளைக் கிணற்றில் தள்ளினார்கள்; தவறி விழுந்தாள் என்றார்கள். ரத்தினம்மா இன்னொருத்தியைச் சொன்னாள்: ரயில் பாதையில் கிடந்தாள், வீட்டார்கூட வந்து பார்க்கவில்லை. கமலம்மா சொல்ல ஆரம்பித்துச் சொல்ல முடியாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

"நம்மள்ல செத்தவங்களுக்கு யாரும் கல்லு வெச்சதில்லடி" என்றாள் ரத்தினம்மா. "உங்கக்காவுக்கு ரெண்டு வெக்கிறாங்க. ரெண்டுலயும் அவ இல்ல. நாங்க வரோம்."

விழாவன்று பந்தல் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கியில் கோவர்த்தனனின் குரல் அடுத்த ஊர்வரை கேட்டது. "ஆண்மைக்கு இலக்கணம் பொன்னுசாமி! மார்பில் அடி வாங்கிய மறவன்! அவன் புஜபலத்தைக் கண்டு பகைவர் நடுங்கினர்!" முன்வரிசையில் இருந்த சில வியாபாரிகள் தினமும் அவள் கையால் போண்டா வாங்கித் தின்றவர்கள். அவர்களும் கை தட்டினார்கள். தாமோதரன் மேடையில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இப்போது தியாகியின் தம்பி தட்சிணாமூர்த்தி பேசுவார்" என்றார் கோவர்த்தனன்.

தாட்சாயணி சேலை கட்டிக்கொண்டுதான் ஏறினாள். பொன்னியம்மாவின் சேலை. மேடைக்குக் கீழே திருப்பதியிலிருந்து வந்தவர்கள் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். அவள் மைக்குக்குப் போகவில்லை. முதலில் படத்தின் பக்கம் போனாள். மேஜைமேல் இருந்த சொம்பில் முந்தானையை நனைத்து மீசையைத் துடைத்தாள். மலிவான சாயம், சுலபமாகவே வந்தது. உதடு தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்னால் நின்ற ஒரு பூக்காரம்மா, "ஐயோ, நம்ம பொன்னி" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிறகுதான் தாட்சாயணி மைக்கைப் பிடித்தாள். "இது எங்கக்கா பொன்னியம்மா. எல்லைக்காக அவ சாவலை. இதோ உட்கார்ந்துக்கினு கீறாரே தாமோதரன், இவரை இவரு மாமனாரு எதிர்ல பேரு சொல்லிக் கூப்பிட்டா. அதுக்காகக் கட்டையால அடிச்சுக் கொன்னாரு. நான் பார்த்தேன். மண்டியில சாக்கு தெச்சுக்கினு இருந்தீங்களே, நீங்களும் பார்த்தீங்க. உங்களுக்கு அவ இன்னா கொடுமை செஞ்சா?"

அதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. வெறும் குரலில் அதையே திரும்பவும் சொன்னாள், மூன்றாம் முறையும் சொன்னாள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யோசித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். பேண்டு வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார் கோவர்த்தனன். பேண்டு வாசித்தது.

கொலைக்குக் கேஸ் எழுத முடியாத நாகபூஷணம், தியாகியின் படத்தை அவமதித்ததற்கு அங்கேயே கேஸ் எழுதினார். அதற்கு எல்லை முடிவாக வேண்டியிருக்கவில்லை. தாட்சாயணியை ஸ்டேஷனில் வைத்திருந்த நேரத்தில் குடிசை எரிந்தது. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அடுப்பு மூட்டி வெகு நாளாகியிருந்தது.

அவள் திருப்பதிக்கே போய்விட்டாள். தாமோதரனின் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. கோவர்த்தனன் வாழ்த்துரை வழங்கினார். பிறகு எல்லை முடிவாயிற்று. கொடிக்கண்டிகை ஆந்திராவிலேயே நின்றது. கோவர்த்தனன் ஒரே வாரத்தில் தெலுங்கில் நன்றியுரை பேசக் கற்றுக்கொண்டு சிட்டிபாபுவோடு சேர்ந்து ஒரு நல்லிணக்க சபை ஆரம்பித்தார். நல்லிணக்கத்துக்கு இடைஞ்சல் என்று இரண்டு கல்லையும் பிடுங்கிப் போட்டார்கள். ஊர் பொன்னியம்மாவை இரண்டாம் முறையும் மறந்தது. இந்த முறை தீர்மானம் போட்டு மறந்தது.

எல்லை முடிவானதும் தாட்சாயணி நாகபூஷணத்திடம் போனாள். வரச் சொன்னவர் அவர்தானே. "பழைய கேஸும்மா, சாட்சி எங்க?" என்றார். நான்தான் சாட்சி என்றாள். "நீ ஏற்கெனவே ஒரு கேஸ்ல குற்றவாளி. உன் சாட்சி செல்லாது" என்றார்.

பொன்னியம்மா செத்த மாதம் மறுபடியும் வந்தது, அந்த மாதத்துச் சந்தை நாளும் வந்தது. நட்ட நடுப்பகலில் திருப்பதி பஸ்ஸிலிருந்து தாட்சாயணி இறங்கினாள். பின்னால் கமலம்மா, யசோதா, ரத்தினம்மா, இன்னும் பலர். புத்தூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும்கூட வந்திருந்தார்கள். அத்தனை பேரும் தலையை விரித்துக்கொண்டு, தாமோதரனின் அரிசி மில் வாசலுக்கு எதிரே தெருவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு மாரடித்து அழ ஆரம்பித்தார்கள். மோர் கொடுத்த கதையை, கட்டையால் அடித்த கதையை, அடித்தவன் பேரை, அப்பன் பேரை எல்லாம் ராகம் போட்டுச் சொல்லி அழுதார்கள். நெல் கொண்டு வந்த வண்டிகள் நின்றுவிட்டன. சந்தை முழுவதும் அங்கே கூடியது. அந்த ஊரில் எழவு வீட்டில் அழுகிறவளை அடிக்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

நாகபூஷணம் வியர்த்துப் போய் வந்தார். "கூட்டம் போட பர்மிஷன் வாங்குனீங்களா?"

"கூட்டம் இல்ல சார், எழவு" என்றாள் தாட்சாயணி. "எழவுக்கு யாரு பர்மிஷன் குடுக்கிறது?"

"அவ செத்து எவ்ளோ நாளாச்சு! எப்பத்தான் முடிப்பீங்க?"

தாட்சாயணி மில்லைப் பார்த்தாள். உள்ளே யந்திரம் நின்றிருந்தது. கதவு உள்பக்கமாகத் தாழ் போட்டிருந்தது.

"உள்ள கீறவரு வெளிய வந்து, இப்படி எங்க நடுவுல உட்கார்ந்து, அவ பேரைச் சொல்லி ஒரு தரம் அழட்டும் சார். முடிச்சிடறோம்."

நாகபூஷணம் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறக்கவில்லை. கமலம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைப் பெட்டியை யசோதாவிடம் தள்ளினாள். அடுத்து, கிணற்றில் தள்ளப்பட்ட ஜெயம்மாவின் பேரை எடுத்து அழ ஆரம்பித்தார்கள்.